பார்த்தவர் பெயர்

மாரிகுப்பத்தில் கிளம்பும் காலை வண்டியில் ஜன்னலோரம் பிடிப்பது ஒன்றும் பெரிய சாமர்த்தியமில்லை. வண்டியே அங்கேதான் புறப்படுகிறது. லவினா அந்த இடத்தில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். ராத்திரி வந்து குவிந்திருந்த மெயில்களில் புருஷன் அனுப்பியது ஒன்று இருந்தது. அதன் அடியில், 'பார்த்துச் சரியென்று சொன்னவர்' என்ற வரிக்குப் பக்கத்தில், அவள் பெயர் இருந்தது. அவளோ அதைப் பார்க்கவே இல்லை. புருஷன் ரோனி எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தான். தினமும் கூட வருகிற ரவிகுமாரோடு ரம்மி ஆடச் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான்.

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள் லவினா. விளக்கப் போனால் கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். விஷயம் என்னவோ எளியதுதான். யாரோ ஒருவனின் பெரிய கம்ப்யூட்டருக்குள், வெறும் மென்பொருளாலேயே ஆன இன்னொரு கம்ப்யூட்டர் வாடகைக்குக் குடியிருக்கிறது. ஆஸ்பத்திரி ரகசியம், பேங்க் ரகசியம் எல்லாம் அதற்குள் இருக்கும். குடியிருப்பவனின் பண்டபாத்திரத்தை வீட்டுக்காரன் எட்டிப் பார்க்கக் கூடாது, மாற்றி வைக்கவும் கூடாது. அதற்கான காவல் எல்லாம் அது கண் விழிக்கிற முதல் நொடியில் போடப்படுகிறது. அந்த நொடியில் ஓடுகிற கெர்னல் கோடு, கம்ப்யூட்டரின் அடிமட்ட நிரல், இருக்கிறதே, அதை வரிவரியாகப் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. கண் விழித்ததும் அந்தக் குடித்தனக்காரன் தன் நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் 'இது என்னுடையது' என்று சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு தடவைதான். ஏற்றுக்கொண்ட பக்கத்தையே மறுபடியும் ஏற்றுக்கொண்டால் தொலைந்தது. நடுவில் வீட்டுக்காரன் வேறு பக்கத்தை அந்த இடத்தில் வைத்திருப்பான், இதுவும் என்னுடையதுதான் என்று இவன் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொள்வான். உலகத்தில் எந்த வேலையிலும் இரண்டாம் தடவை சரிபார்ப்பது நல்ல பழக்கம். இங்கே மட்டும் அதுதான் ஓட்டை.

ரோனி அந்த ஓட்டையைத்தான் போட்டிருந்தான். அவன் எழுதிய கோடின் முந்தைய பதிப்பை அவள் உட்கார்ந்து படித்து, குறை இல்லை என்று தன் பெயரைக் கொடுத்திருந்தாள். அது நிஜம். அடுத்த பதிப்பு அனுப்பும்போது, பெரிதாக எதுவும் மாறவில்லையென்றால், பழைய பெயரைக் கீழே அப்படியே கொண்டுவருவது இந்தத் தொழிலில் வழக்கம். மாறியிருந்தால் பெயரை எடுத்துவிட்டு மறுபடி காட்ட வேண்டும். ரோனி நடுவில் நாலு வரி சேர்த்திருந்தான். ஏதாவது பிழை வந்தால் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை ஏற்றுக்கொள் என்று. பெயரை எடுக்கவில்லை.

"இன்னா ரோனி இது? நான் பாத்தது இது இல்ல."

"நாலே லைன்தான் சேத்தேன். சேஃப்டிக்கு."

அக்கம்பக்கத்தில் காது நீளாதபடி தணிந்த குரலில் அவள் விளக்கினாள். பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தே தெரிந்தது. புரியாமல் முழித்திருந்தால்கூட அவளுக்கு வயிறு எரிந்திருக்காது. புரிந்த பிறகு அவன் ரவிகுமார் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் குனிந்தான்.

"இப்ப வாபஸ் வாங்குனா வியாழக்கிழமைக்கு ஆவாது லவி. மொதல்ல உள்ள போயிடட்டும். அப்புறம் நானே சரி பண்ணிடறேன்."

வியாழக்கிழமை அவன் கான்ட்ராக்ட் முடிகிறது. பழைய கம்பெனி வீட்டுக்கு அனுப்பியபின் ஒரு வருஷம் சும்மா இருந்தவன். சும்மா இருக்கிற ஆண்பிள்ளையை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, பார்த்துப் பார்த்துப் பழகிய ஊர். லவினாதான் மேனேஜர் மமதாவிடம் சொல்லித் தன் டீமிலேயே உள்ளே கொண்டுவந்தாள். இந்த பேட்ச், அவன் அனுப்பிய இந்தத் திருத்தம், கெர்னலில் ஏறிவிட்டால் வேலை நிரந்தரம் என்று மமதா வாக்குக் கொடுத்திருந்தாள். அது போதாதா? ரோனியின் அம்மா லூயிசா போன ஞாயிறே சபையில் எழுந்து நின்று, மகனுக்கு வேலை நிலைத்துவிட்டது என்று சாட்சி சொல்லி முடித்துவிட்டாள். பாஸ்டர் ஜெபமே பண்ணிவிட்டார்.

லவினா கெஞ்சாத குறையாகச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் நீயே எழுதிவிடு, பெயர் தவறுதலாக வந்துவிட்டது, இந்தப் பதிப்பை விட்டுவிடுங்கள் என்று ஒரே வரி, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், மமதாவிடம் இன்னும் ஒரு மாதம் அவகாசம் நான் கேட்டு வாங்குகிறேன். அவன் தலையை ஆட்டினான். ஆட்டின தலையை நம்பி அவள் ஒயிட்ஃபீல்டில் இறங்கினாள்.

ஆபீசில் வேறு வேலை ஓடவில்லை. கெர்னல் எழுதுகிறவர்கள் எல்லாரும் படிக்கிற மெயில் லிஸ்டை நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தாள். ரோனி ஒன்றும் எழுதவில்லை. கிளம்புகிற நேரத்தில், கெர்னலில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மனிதரிடமிருந்து பதில் வந்தது. எந்த நாட்டிலோ இருப்பவர். லவினா பார்த்திருக்கிறார், எனக்கு அதுவே போதும், நாளை சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். அவருக்கு அவள் முகம் தெரியாது, நிறம் தெரியாது, மாரிகுப்பம் எந்தத் திசையில் இருக்கிறது என்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தப் பெயர் ஒன்றுதான். வருஷக்கணக்காக, சமைத்துவிட்டும் துவைத்துவிட்டும் மிஞ்சின நேரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் சம்பாதித்த பெயர். பிறந்த வீட்டில் கிடைத்ததுமில்லை, புகுந்த வீட்டில் கொடுத்ததுமில்லை. அதை ஒருத்தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் நீட்டியிருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

திரும்புகிற வண்டியில் மறுபடி எதிர் எதிரே உட்கார்ந்தார்கள். ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். வூட்ல பேசிக்கலாம் என்றான், கையில் சீட்டை விரித்தபடி. பங்காருப்பேட்டையில் வண்டி வழக்கம்போல ஆற அமர நின்றது. அங்கே வைத்துத்தான் அவள் எழுதினாள். இந்தப் பதிப்பை நான் பார்க்கவில்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள். இதில் ஒரே பக்கம் இரண்டு முறை ஏற்கப்படுகிறது, சேர்க்காதீர்கள். எழுதிவிட்டு அவனை ஒரு தடவை பார்த்தாள். அவன் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அனுப்பிவிட்டாள்.

அவன் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தான். உன் கைதான் என்று ரவிகுமார் இரண்டு முறை சொன்ன பிறகு ஒரு சீட்டை இறக்கினான். ஊரிகம் தாண்டி, தங்கச் சுரங்கத்துச் சைனைடு மண்மேடு ஜன்னலில் வந்தபோதுதான் அவளிடம் திரும்பினான்.

"எங்க மம்மிகிட்டகூட என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல நீ. மூஞ்சி தெரியாதவங்ககிட்ட சொல்லிட்ட."

வியாழக்கிழமை கான்ட்ராக்ட் முடிந்தது, அவ்வளவுதான், நீட்டவில்லை. மமதா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கம்பெனி மானத்தைக் காப்பாற்றினாய் என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனாலும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், உள்ளுக்குள்ளேயே சொல்லித் தீர்த்திருக்கலாமே என்றும் கன்னடத்தில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் லூயிசாவும் அதையேதான் தமிழில் சொன்னாள்.

"வூட்டு விஷயத்த வூட்டுக்குள்ள வெச்சிக்கினு இருந்தா கொறஞ்சா பூடுவ? சபையில நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு போறது?"

உள்ளுக்குள்ளே சொல்லாமலா இருந்தாள்? முதலில் அவனிடம்தானே சொன்னாள். அவள் பெயரைப் போடும் முன்னே நீ ஏண்டா அவளைக் கேட்கவில்லை என்று அவனிடம் கேட்க அந்த ஊரில் ஒரு நாதி இல்லை. பிள்ளையாண்டான் பாவம், பெண்டாட்டி பிழைப்பைக் கெடுத்துவிட்டாள், முடிந்தது கதை. அவள் தனியாகக் காலை வண்டி ஏறினாள். ரவிகுமார் வேறு ஜோடி பிடித்துக்கொண்டான். ரோனி வீட்டில் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உப்பு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்டான்.

சனிக்கிழமை காலை, இரண்டு பேரும் ஒரே மேஜையில் ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். அடுப்படியில் லூயிசா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். லிஸ்டில் அவளுக்கு ஒரு மெயில் வந்தது. ரோனி தன் சொந்த முகவரியிலிருந்து புதிய பதிப்பை வரைவாக எழுதிச் சேர்த்திருந்தான். அவள் படித்தாள். சுத்தமாக இருந்தது. அந்த நாலு வரியை எடுத்திருந்தான், பிழை வந்தால் அங்கேயே நின்றுவிடும்படி செய்திருந்தான். வேலை போன பிறகு சம்பளம் இல்லாமல் எழுதியது, அவன் இதுவரை எழுதியதிலேயே நல்லது. மேலே, உலகத்தில் அந்த லிஸ்டைப் படிக்கிற அத்தனை பேரும் பார்க்கும்படி, திருத்தமான இங்கிலீஷில் எழுதியிருந்தான்.

மதிப்பிற்குரிய லவினா அவர்களுக்கு, பிழையைச் சுட்டிக்காட்டியவர் என்று இதில் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டா? தங்கள் சம்மதம் கிடைத்த பிறகே இதை முறைப்படி அனுப்புவேன்.

அவள் நிமிர்ந்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவன் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். ரோனி என்று கூப்பிட்டாள். அவன் காதில் விழாதவன் போல இருந்தான். அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் குனிந்து, சம்மதம் என்று டைப் செய்து, நன்றி என்றும் சேர்த்து அனுப்பினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மணி ஒலித்தது. ரோனி அவளைப் பார்க்காமல் அதைத் திறந்து படித்தான்.