ஒரு சுற்று அதிகம்

தண்ணீர்க் குழாய் படகுக்கு நேர் எதிரே, எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. அப்படியிருந்தும் அவர் காலி கேனைத் தோளில் போட்டுக்கொண்டு துறைமுகக் கரையோரமாக நடக்கத் தொடங்கினார். படகின் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். முதல் ஊரில் மறதி என்று நினைத்தாள். இரண்டாவது ஊரில், கால் மரத்துப்போயிருக்கும், நடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இது மூன்றாவது ஊர்.

"ஏம்மா, பெரியவருக்குக் குழாய் கண்ணுக்குத் தெரியலையா?" என்றான் துறைமுகக் காவலாளி. "இல்ல, கேனுக்கு ஊர் சுத்திக் காட்டப் போறாரா?"

"அவருக்கு எல்லாம் தெரியும்ப்பா" என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது.

பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிப்போகச் சொன்னால்கூட மூக்கால் அழுவார். அந்த மனிதர் போன வாரம் பல் தேய்த்துக்கொண்டே, "நம்ம பாய்ப் படகு சும்மாதானே கெடக்கு? கரையோரமா நாலு ஊரு போயிட்டு வருவோமா? காத்து எங்க தள்ளுதோ அங்க" என்றார். காற்று என்னவோ அன்றிலிருந்து வடக்கே மட்டும்தான் தள்ளியது. வடக்கே, அடுத்த ஊரில், மகள் இருந்தாள்.

அது தனக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். என்ஜின் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டைவிட்டுப் போனபோது, இவர் அவன் வேலை பார்த்த பட்டறைக்கே போய் முதலாளியிடம் ஒன்றுக்கு இரண்டாக வத்தி வைத்தார். அவன் வேலை போனது. இருவரும் ஊரைவிட்டே போனார்கள். இப்போது கைக்குழந்தையோடு, மகள் ஒரு பயணிகள் படகில் கயிறு கட்டும் வேலை பார்க்கிறாள். "அப்பாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதம்மா" என்று சொல்லியிருந்தாள். இவளும் விடவில்லை.

அவர் ஊருக்குள் போகவில்லை என்பதை இன்றுதான் கவனித்தாள். நின்றிருந்த படகுகளின் ஓரமாகவே போனார். கரையிலிருந்த ஒவ்வொரு இரும்புத் தூணிலும், பல் டாக்டர் வாய்க்குள் பார்ப்பதைப்போலக் குனிந்து, சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தார். தொடவில்லை. நிமிர்ந்து அடுத்த தூணுக்குப் போனார்.

அவளுக்குச் சுரீரென்றது. மகளுக்கு இடதுகைப் பழக்கம். ஊர் உலகமெல்லாம் வலமாகச் சுற்றும் கயிற்றை அவள் இடமாகச் சுற்றுவாள்; போதாக்குறைக்கு எப்போதும் ஒரு சுற்று அதிகம். "ஏ பீச்சாங்கை, கயிறு கட்டுறியா, சடை பின்னுறியா?" என்று இவர் அவிழ்த்துப் போடுவார். அவள் வேண்டுமென்றே மறுபடியும் அப்படியே கட்டுவாள். அவள் படகில் கயிறு கட்டுவது எப்படியோ இவர் காதுக்கு எட்டியிருக்கிறது, எந்த ஊர் என்றுதான் தெரியவில்லை. இப்போது யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமல், கயிறு கயிறாக மோப்பம் பிடித்துக்கொண்டு போகிறார் மனிதர். கேட்டால் சேதி அவருக்கு முன்னே ஓடிவிடும் அல்லவா?

அவர் தலை மறைந்ததும் மகளுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு வேலைக்குப் போகாதடி. அப்பா வர்றாரு."

"எதுக்கு?"

"தெரியல. அதான் பயமா இருக்கு."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"இன்னும் எத்தன ஊருக்கும்மா ஓடறது? இனிமே ஓடினா உனக்கும் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காற்று மெத்தனமாக இருந்தது. பாய் புடைப்பதும் தொய்வதுமாக, படகு ஆடி அசைந்து போனது. சுக்கானைப் பிடித்தபடி அவர் அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"இந்த ஊரு உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற ஆளா இவர்? கரை நெருங்க நெருங்க அவள் கண் மகளைத் தேடியது.

மதியம் படகைக் கட்டினார்கள். மகள் கண்ணில் படவில்லை. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள், கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கரையின் கோடியில் ஒரு பயணிகள் படகு பழுதுக்காக நின்றிருந்தது. அதன் தூணருகே குனிந்தவர் நிமிரவில்லை. மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையை நீட்டி, கயிற்றின்மேல் வைத்தார். மகளை ஒளிந்துகொள்ளச் சொன்னவள், அவள் கட்டிய கயிற்றை மறந்துபோயிருந்தாள்.

அவர் திரும்பி வந்தபோது கேன் காலியாகவே இருந்தது. முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. தங்கள் படகின் கயிற்றை அவிழ்த்தார். வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால், இடமாகச் சுற்றினார். பழக்கமில்லாத கை இரண்டு முறை நழுவவிட்டது. மூன்றாம் முறை ஒழுங்காகச் சுற்றி, மேலே இன்னொரு சுற்றும் போட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"பாத்தா தெரியல? கயிறு கட்டறேன்."

"தண்ணி பிடிக்கப் போகலையா?"

"இங்கயே குழாய் இருக்கே."

எதிரே இருந்த குழாயடியில் கேனை வைத்துத் திறந்துவிட்டார். இடுப்பில் செருகியிருந்த போன் அவளுக்குக் கனத்தது. மகளை வா என்பதா, வராதே என்பதா? இந்தக் கயிறு கூப்பிடுகிறதா, தூண்டில் போடுகிறதா? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அந்த முதுகைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

கேன் நிறைந்து, வழிந்து, தண்ணீர் அவர் பாதத்தை நனைத்து ஓடியது. அவர் குழாயை மூடவில்லை. கரையின் கோடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.