ராக்கு வீட்டுச் சாயங்காலம்

சிக்கலுக்குத் தெற்கே, ராக்குவின் வீட்டு முற்றத்தில் 1948 தை மாதம் விழுந்த சாயங்கால வெயில் பதினெட்டு வருடம் அங்கிருந்து போகவில்லை. பகலில் வித்தியாசம் தெரியாது. ஊர் இருட்டி, கோழி அடைந்து, கண்மாய்த் தவளைகள் கத்தத் தொடங்கிய பிறகும் அந்த ஒரு வீட்டில் மட்டும் ஐந்தரை மணி மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வருடம் மிளகாய் நல்ல விளைச்சல்.

செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, சொந்தபந்தத்தைச் சுற்றி நிறுத்தி ஒரு படம் பிடித்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். உயிரோடு இருக்கும்போது யார் படம் எடுத்தார்கள்? ராக்குவின் புருசன் சின்னக்கருப்பனைப் பாம்பு கடித்துவிட்டது. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். ராமநாதபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஹமீது சுல்தானுக்கு ஆள் போயிற்று. அவர் ஏறிவந்த பஸ் வழியில் மக்கர் பண்ணி, முக்காலியையும் பெட்டிக் கேமராவையும் தூக்கிக்கொண்டு அவர் முற்றத்துக்கு வந்து சேரும்போது வெயில் கூரைக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. வாசலில் கிழக்கே பார்க்க உட்கார்ந்திருந்தான் சின்னக்கருப்பன்.

"சூரியன் முதுகுக்குப் பின்னால நிக்குது. இப்படியே எடுத்தா முகம் கறுத்துப்போகும். நாற்காலிய வீட்டப் பாக்கத் திருப்புங்க" என்றார் ஹமீது சுல்தான்.

செத்தவனின் பெரியப்பா கூத்தையா ஒத்துக்கொள்ளவில்லை. "பொணத்த வீட்டப் பாக்க உக்கார வச்சா, போன உசுரு திரும்ப வீட்டுக்குள்ள வந்துரும். அது ஆகாது."

"வந்தா வரட்டுமே" என்றாள் ராக்கு. அவள் பேச்சை அன்றைக்கு யார் கேட்டார்கள்?

எழவு வீட்டில் வாதாடுவது மரியாதை இல்லை என்று ஹமீது சுல்தான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். விட்டவர் வெளியே வந்து, "வெளிச்சம் பத்தாது தாயி, பொழுது இறங்கிருச்சு" என்றார். ராக்கு வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் இரு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வெயில் நின்றது.

தகட்டைக் கழுவிப் பார்த்தால், கூத்தையாவின் மீசை விழுந்திருந்தது, ஓரமாக வந்து நின்ற வெள்ளாடு விழுந்திருந்தது, சின்னக்கருப்பன் கழுத்து மாலையில் பூப்பூவாக எண்ணலாம். மாலைக்கு மேலே அடுப்புக்கரி. ராக்கு பிரிண்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "அண்ணே, மாலை நல்லா விழுந்திருக்கு. அவரு எங்க?" என்றாள். பிறகு, "வயித்துல இருக்கது நாளைக்கு அய்யா எங்கேன்னு கேட்டா நான் எதக் காட்டுவேன்?" என்றாள். ஹமீது சுல்தான் பிரிண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தொழில் தெரிந்த மனிதர்தான். முகத்துக்கு மட்டும் வெளிச்சத்தை மறைத்து மறைத்துப் பிரிண்ட் போட்டார். வெளுத்துக் கிடந்த வானத்துக்குக் கூடுதலாக வெளிச்சம் காட்டினார். வானத்தில் மேகம்கூடத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்தார். வேட்டிக் கரைக்குப் பச்சை, மாலைக்கு மஞ்சள் என்று வர்ணம் தீட்டினார். அதெல்லாம் சமர்த்தாக ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு மாநிறம் குழைத்துப் பூசினால் மறுநாள் காலையில் அதைக் குடித்துவிட்டுக் கரியாகவே நிற்கும். கண் வரைந்தார், கண்ணையும் குடித்தது. மதுரைக்குக் கொண்டுபோனார். அங்கே டச்சிங்கில் பேர்போன ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வெளிச்சமே விழாத எடத்துல முகத்துக்கு நான் எங்குட்டுப் போறது?" என்றார். ஹமீது சுல்தான் ஏர்வாடி தர்காவில் போய் துஆக் கேட்டார். ஒவ்வொரு தை மாதமும் தூரிகையோடு ராக்கு வீட்டுக்கு வந்து ஒரு கை பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவார்.

பூமயில் அந்தச் சித்திரையில் பிறந்தாள். இருட்டு என்பதை முற்றத்திலிருந்து அடுத்த வீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பொழுது சாய்ந்தால் அவள் வீட்டு முற்றத்தில் ஊர்ப் பெண்கள் அரிசியில் கல் பொறுக்கினார்கள், பேன் பார்த்தார்கள். கதவைச் சாத்தினாலும் கூரை இடுக்கு வழியாக வெயில் உள்ளே வரும். ராக்கு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கப் பழகிவிட்டாள். ஊருக்கு மின்சாரம் வந்தபோது கம்பி இழுக்க வந்தவர்கள் அவள் வாசலில் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்கன எதுக்கு?" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். நியாயம்தானே? சிம்னி விளக்குக்குத் திரிகூட இல்லாத வீடு அது. இவ்வளவு வெளிச்சத்திலும் பூமயில் சுவரில் மாட்டிய படத்தின் முன்னால் நின்று, "எங்கய்யா மூக்கு எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். "மூக்கு மாதிரி இருக்கும்" என்பாள் ராக்கு. வருசம் போகப்போக அவளுக்கே அந்த முகம் மறந்துகொண்டு வந்தது. அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

1966 ஆவணியில் பூமயிலுக்கும் மாரியூர்ப் பக்கம் பருத்தி போடும் சின்னச்சாமிக்கும் கல்யாணம். படம் பிடிக்க ஹமீது சுல்தானே வந்திருந்தார். ஊர் இருட்டிய பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டியேறினார்கள். வண்டி நகர்ந்ததும், முற்றத்து வெயிலும் கூடவே நகர்ந்தது. பானை சட்டி, பாய் தலையணைக்குப் பின்னால், கண்மாய்க் கரை மேல் ஒரு துண்டு மஞ்சள் வெயில் சீர்வரிசையோடு போவதை ஊரே நின்று பார்த்தது. வீட்டின் மேல் நிற்கிறது என்று நினைத்த வெயில், வயிற்றுக்குள் இருந்த பிள்ளையின் மேல் நின்ற வெயில். பொட்டப்பிள்ளையைப் பொழுது சாய்ந்தபின் வெளியே விடாத ஊருக்கு அது எப்படித் தெரியும்?

ராக்கு வீட்டுக்குள் முதல்முறையாக இருட்டியது. விளக்கு இரவல் வாங்கப் போனவர்கள் திரும்புவதற்குள், உள்ளேயிருந்து அவள் குரல் மெதுவாக வந்தது. "அண்ணே, இங்கன வாங்க."

தன் கையே தெரியாத அந்த இருட்டில், சுவரில் சின்னக்கருப்பன் முகம் தெரிந்தது. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அப்படி ஒரு கணக்கான படத்தை ஹமீது சுல்தான் தன் காலத்தில் எடுத்ததில்லை. கண் திறந்திருந்தது. அவர் வரைந்த கண் இல்லை அது. ஏதோ சொல்ல வந்து, இத்தனை பேர் நிற்கிறார்களே என்று கூச்சப்பட்டவன்போல வாய் லேசாகப் பிரிந்திருந்தது. "அவருதான்" என்றாள் ராக்கு. ஹமீது சுல்தான் தலையில் அடித்துக்கொண்டார். ஆயுசில் பாதியை இருட்டறையில் கழித்த மனிதருக்கு, அங்கே எரியும் சிவப்பு விளக்கை ஒருதரம் அணைத்துப் பார்க்கத் தோன்றவில்லையே!

முகம் தெரிந்த சேதி கேட்டு, மறுவீட்டுக்குப் பூமயில் ராத்திரியில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவள் தெரு முனை திரும்பும்போதே வெயில் முந்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தது, முகம் கரியாயிற்று. கேமராவின் கறுப்புத் துணியைப் போர்த்தி அவளையும் படத்தையும் உள்ளே விட்டார் ஹமீது சுல்தான். துணிக்குள்ளும் சாயங்காலம். கதவை அடைத்தார்கள், கூரை இடுக்கில் வைக்கோல் திணித்தார்கள். அவள் போனபின் இருட்டில் அந்தப் படத்தையே படம் பிடித்துப் பார்த்தார். தகட்டில் ஒன்றும் விழவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. "என்னால ஆகல மகளே" என்று மாரியூருக்கே போய் அவர் சொன்னபோது, அந்த வயதில், அழுதுவிட்டார். "விடுங்க மாமா, நீங்க என்ன செய்வீக" என்று பூமயில்தான் அவரைத் தேற்றினாள்.

மாரியூர்க் கட்டுமரக்காரர்கள் இப்போது பூமயில் வீட்டு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கரை பிடிக்கிறார்கள். சின்னச்சாமி முந்தானைக்குப் பதில் துண்டை முகத்தில் போட்டுத் தூங்குகிறான். மாதம் ஒருமுறை பூமயில் ஆத்தாளைப் பார்க்க வருவாள். பகலோடு பகலாகக் கிளம்பிவிடுவாள். ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. ஏன் என்று ராக்குவும் கேட்டதில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் மகள் கேட்பாள்.

"நேத்து எப்படிம்மா இருந்தாரு?"

"நல்லாத்தான் இருந்தாரு" என்பாள் ராக்கு. "ஒன்னத்தான் கேட்டாரு."