டிக்னுஸ்

டிக்னுஸ் என்றால் தகுதியுள்ளவன். ‘பொருந்தும்’ என்று பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்த சொல். ஆணுக்கு டிக்னுஸ், பெண்ணுக்கு டிக்னா, அஃறிணைக்கு டிக்னும். பாதிரியாருக்குப் படிக்கும் குருமடத்தில் இதை எல்லா வேற்றுமைகளிலும் ஒப்பித்துப் பரிசு வாங்கிய சூசை, 1958 கோடை விடுமுறைக்குப் பெருந்துறைப் பக்கம் தன் ஊருக்கு வந்திருந்தான்.

ஞாயிறு பூசையில், ‘ஆண்டவரே, நான் டிக்னுஸ் இல்லை’ என்று எல்லோரும் லத்தீனில் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஊர்ப் பண்ணைக்காரர் அடித்த சத்தம் பின்வரிசை வரை கேட்டது.

நற்கருணை அப்பம் வாங்க, மகன் வந்த தெம்பில், சூசையின் அப்பா சவரிமுத்து முதல் ஆளாக எழுந்தார். பண்ணைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“ஏன்டா, எங்காளுக வாங்கிப்போட்டு வரட்டும். உனக்கென்ன அவசரம்?”

“சரிங்க சாமி,” என்று அப்பா கைகட்டிப் பின்னால் போனார். பரிசு வாங்கிய வாய் திறக்கவில்லை.

அத்தனை பேரும் நெஞ்சிலடித்துச் சொன்னதை, அப்பா ஒருவர்தான் நம்பியிருந்தார்.