சியதோரிஸின் கட்டைவிரல்

கரோலிஸ் முதலாளிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பென்சிலுக்குப் போகும் காரீயம் வெட்டுகிற சுரங்கத்தில் கூடை தூக்கி, பிறகு அந்தச் சுரங்கத்தையே வாங்கிய மனிதர். சட்டசபைத் தேர்தலில் நிற்பதென்று முடிவானதும் மூன்று மாதம் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து கையைத் தேய்த்தார். ரேகைகளில் ஏறிய கருப்பு போனபாடில்லை.

நான் பொடிசிங்ஞோ, அவருடைய மேற்பார்வையாளன். வாக்குப்பதிவு நாளில் சுரங்கத்துக்கு லீவு விடுங்கள் என்றேன்.

"தண்ணி இறைக்கிறத நிறுத்தினா குழி மூழ்கிரும்டா பொடிசிங்ஞோ. மேல வந்து ஓட்டைப் போட்டுட்டு இறங்கச் சொல்லு."

தேர்தலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி. எங்களுடையது மஞ்சள். வெற்றுச் சீட்டை வாங்கி அதில் போட்டால் போதும். எங்கள் ஆட்கள் குழியிலிருந்து ஏறி வந்து, கழுவாத கையோடு போட்டுவிட்டு இறங்கினார்கள்.

மறுநாள் அரசாங்க அலுவலகமான கச்சேரியில், தேர்தல் அதிகாரியான துரையின் முன்னால் எண்ணினார்கள். முதலாளி சுவருக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். முடிவில் நூற்றிருபது ஓட்டு முந்தியிருந்தோம். எதிர்த்து நின்ற வக்கீல் வீரக்கோன் எழுந்தார்.

"துரை, மஞ்சள் பெட்டியில இருநூறு சீட்டுல கைக்கறை இருக்கு. போட்டது யாருன்னு காட்டுற அடையாளம் இருந்தா செல்லாது."

துரை முதலாளியைப் பார்த்தார். "இது அடையாளமா, வெறும் அழுக்கா?"

எனக்கு உயிர் வந்தது. "அழுக்குன்னு சொல்லிருங்க முதலாளி" என்று காதைக் கடித்தேன்.

வீரக்கோன் லேசுப்பட்ட ஆளில்லை. "அழுக்காத்தான் இருக்கும் துரை. அய்யா கையப் பாருங்க, அங்கயும் அதே அழுக்குத்தான்."

முதலாளி நடப்பதை நிறுத்தினார். ஒரு சீட்டை வெடுக்கென்று எடுத்தார்.

"எதுடா அழுக்கு? இது காரீயம்! இது என் சியதோரிஸ் கட்டைவிரல். நுனி இருக்கா பார். பாறை சரிஞ்சப்ப என்னைத் தள்ளிவிட்டுட்டு அவன் குடுத்த விரல்டா அது! இந்தா, இது மார்ட்டின். இது..."

சொல்லச் சொல்லத் துரையின் முகம் மாறியது. "அப்போ இது அடையாளம்தான்" என்று கறைபட்ட சீட்டுகளை எல்லாம் ஒதுக்கிவைத்தார். எண்பது ஓட்டில் தோற்றோம்.

வழியெல்லாம் நான் அவரை விட்டு நாலடி முன்னாலேயே நடந்தேன். அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே சுரங்கத்துக்கு வந்தார். குழி வாயிலில் சியதோரிஸ் நின்றிருந்தான்.

"என்ன ஆச்சு முதலாளி?"

முதலாளி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு லீவுடா. எல்லாரையும் மேல வரச் சொல்லு."

சியதோரிஸ் குழிக்குள் குனிந்து கூவினான். "ஏறி வாங்கடா! ஜெயிச்சுட்டோம்!"