அசுந்தாவின் ஆட்டு ஸ்டூ

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். சாவு வீட்டுக் கதைதான். ஆனால் முகத்தைத் தொங்கப்போட வேண்டாம், அந்த வீட்டிலேயே யாரும் போடவில்லை.

ஊனா மறுபடியும் கரண்டியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ம்ஹூம், அம்மாவின் ருசி வரவில்லை. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ரோஸ்மேரி இலை, கொஞ்சம் வினிகர் என்று தெரிந்ததெல்லாம் போட்டாயிற்று. இன்னும் ஏதோ ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது.

முன்னறையில் அம்மா அசுந்தா கையில் ஜெபமாலையோடு சவப்பெட்டிக்குள் படுத்திருந்தாள். அந்த ஊர்ச் சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். அயர்லாந்தின் ஸ்லைகோவில் பாதி ஊர் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. இத்தாலியிலிருந்து வந்த அவள் அப்பாவின் சிப்ஸ் கடையில் அவளிடம் யார் யார் திட்டு வாங்கினார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நாளைக் காலை பெட்டி கோயிலுக்குப் போய்விடும். அதற்குள் ஒரே ஒரு தடவை அம்மாவின் ஸ்டூ மணம் இந்த வீட்டில் எழ வேண்டும். அதுதான் ஊனாவின் தவிப்பு. பக்குவத்தை அம்மா சொன்னதே இல்லை. கேட்டால், "நான் செத்தப்புறம் கண்டுபிடி" என்பாள்.

பின்கதவு வழியாக அட்ராக்டா அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. ஐரிஷ் ஸ்டூவில் ஆடு, உருளை, வெங்காயம் தவிர வேறெது விழுந்தாலும் பாவம் என்று சாதிப்பவள். தம்பிக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை.

"என்னடி, இன்னிக்குமா இத்தாலிக் கூத்து?"

"அம்மாவோட கூத்து அத்தை. இருங்க, டீ போடறேன்."

"டீ கெடக்கட்டும். கரண்டியக் குடு."

ஊனா திகைத்துப்போய்க் கொடுத்தாள். அத்தை ஊதி, உறிஞ்சி, கண்ணை மூடினாள்.

"நெத்திலி எங்கடி?"

"நெத்திலியா? ஆட்டுக்கறியிலயா?"

"உப்பு நெத்திலி. பூண்டோட நசுக்கிப் போட்டா கரைஞ்சே போயிடும். உங்கம்மா வீட்ல அது இல்லாமலா இருக்கும், தேடு."

டின் கிடைத்தது. நசுக்கிப் போட்டுக் கொதி வந்ததும் மணம் கிளம்பி முன்னறைக்குப் போனது. அங்கே சிரிப்பு சட்டென்று நின்றது.

"யாருப்பா அது, அசுந்தா எழுந்துட்டாளா?" என்று ஒரு கிழவர் குரல் கொடுத்தார்.

ஊனா அத்தையையே பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை மிச்சத்த மூடிக் குடுத்தனுப்புவா. என் நாய்க்குன்னு."

"நாய் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சே. பொதைக்கக் குழி வெட்டினதே அம்மாதானே?"

"ஆமா. அடுத்த ஞாயிறும் நாய்க்குன்னு வந்துச்சு." அத்தை மேசைத் துணியின் சுருக்கத்தை நீவினாள். "நாய் ஒழுங்கா திங்குதான்னு கேப்பா. நல்லா திங்குதுன்னு சொல்லுவேன்."

ஊனா பெரிய கிண்ணமாக எடுத்து நிறைத்துக் கொடுத்தாள். அத்தை அதை ஏந்திக்கொண்டு முன்னறைக்குப் போய், பெட்டியோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஊரே பார்க்க, ரொட்டியால் வழித்து வழித்துச் சாப்பிட்டாள்.

உங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் ஒரு கிண்ணம் கூடுதலாகவே வேகட்டும். அதை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.