டிஸ்க் விலகிய அண்ணன் குதித்த வியாழக்கிழமை

1

இந்தக் கதை எங்கள் வீட்டு டிவியில் பிறந்தது. வேறு ஏதாவது கௌரவமான இடத்தைச் சொல்லலாமென்றுதான் பார்த்தேன், வாய் வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் அடுப்படியில் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் என் வீட்டுக்காரர் ஜெயபிரகாஷ் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கூப்பிட்டார்.

"ப்ரியா, இங்க வா. உங்கண்ணன் டிவில வர்றாரு."

என் அண்ணன் வெள்ளியங்கிரி நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் இருப்பவர். போன வருஷம் முதுகில் டிஸ்க் விலகி, ஃப்ளைட்டில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், என் மகள் ஓவியாவின் காதுகுத்துக்கு வர முடியாமல் போனவர். அந்த மனுஷன் சான் ஃபிரான்சிஸ்கோ அரங்கில், சாயம்போன சிவப்பு ஜெர்சியோடு, இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார். டிஸ்க் விலகினவர் குதிக்கிற குதியா அது? கேமரா ஒரு கணம் அவர்மேல் நின்றுவிட்டு நகர்ந்துவிட்டது.

ஓவியா சோபாவிலிருந்து திரும்பினாள். "ஒய் இஸ் மாமா ஜம்பிங்?"

அதற்குப் பதில் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஃப்ரீமான்ட்டிலிருந்து அந்த அரங்கத்துக்கு ரயிலேறினால் ஒரு மணி நேரம் சொச்சம். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில், தங்கச்சி இருக்கிற ஊருக்கு வந்த அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காமல் ஹோட்டலில் தங்கிவிட்டுப் போனால், அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தை எழுத எனக்கு இஷ்டமில்லை. அதனால் கதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: வளைகுடாவின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மார்ச் மாலையில், நெடிய, தனித்த மனிதன் ஒருவன்

(நிறுத்திவிட்டேன். அண்ணன் நெடியவர் இல்லை. அதோடு 'தனித்த' என்று எழுதியதும் எனக்கே அவர்மேல் பாவமாகிவிட்டது. இப்போதே பாவப்பட்டால் கதை எங்கே ஓடும்?)

இரண்டாவது தொடக்கம், கட்டுரை மாதிரி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மார்ச் மாதம் ஒரு பெரிய போட்டித் தொடர் வரும். எந்தெந்த ஊர் அரங்கில் ஆட்டம் என்பது வருஷங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். எந்த அணி எந்த ஊருக்குப் போகும் என்பதை மட்டும் ஒரு கமிட்டி கூடி, போட்டி தொடங்குகிற வாரம்தான் சொல்லும். மண்டபத்தை எப்போதோ பிடித்துவிட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் யாரென்று கல்யாண வாரம் சொல்வது போல. ரசிகர்கள் பாவம். லீவு சொல்லி, ஃப்ளைட் தேடி, ஹோட்டல் தேடி, பெண்டாட்டிக்குச் சமாதானம் சொல்லி, எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டும்.

அண்ணனின் அணி அவர் எம்.எஸ். படித்த நியூ ஜெர்சிக் கல்லூரியுடையது. பெயரைப் போட மாட்டேன், அவருக்குக் கோபம் வரும். எப்போதாவது பூத்தாற்போல் இந்தத் தொடருக்குள் நுழைகிற சின்ன அணி. இந்த வருஷம் நெவார்க்கில்* ஆட்டங்கள் உண்டு என்று தெரிந்து, கமிட்டி கூடுவதற்கு எத்தனையோ நாள் முன்பே அங்கே டிக்கெட் வாங்கிவைத்துவிட்டார். கோயிலுக்கு நேர்ந்துகொள்கிற மாதிரி. பார்சிப்பனிக்கும் நெவார்க்குக்கும் காரில் ஒரு எட்டு. கமிட்டி அணியைத் தூக்கி மேற்குக் கரையில் போட்டுவிட்டது. என் வீட்டுக்குப் பக்கத்தில்.

*எங்கள் ஃப்ரீமான்ட்டை ஒட்டியும் நெவார்க் என்று ஒரு ஊர் இருக்கிறது. இதை வைத்து ஏதாவது அழகாகச் செய்யலாம் என்று வெகுநேரம் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அப்படியே இருக்கட்டும்.

3

வெள்ளிக்கிழமை காலை அண்ணி சாந்தாமணிக்குப் போன் போட்டேன். எப்படி இருக்கீங்க, என்ன சமையல் என்று சுற்றிவிட்டு, அண்ணன் எங்கே என்று போகிறபோக்கில் கேட்டேன்.

"உங்கண்ணன் டெக்சாஸ் போயிருக்காரு கண்ணு. டாலஸ்ல client. Weekend தாண்டித்தான் வருவாரு."

நான் மூச்சு விடுவதற்குள் பதில் வந்து விழுந்தது. இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. அண்ணிக்கு உண்மை தெரியுமா, இல்லை அவரையும் ஏமாற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறாரா? தெரியும் என்று வைத்தால் அண்ணிமேல் கோபம் வருகிறது. தெரியாது என்று வைத்தால் அண்ணன்மேல் இன்னும் ஒரு படி ஏறுகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு, அண்ணியை இந்தப் பகுதியிலேயே விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன்.

ஆனால் டெக்சாஸ் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பொய் சொல்கிறவருக்கு அமெரிக்காவில் ஐம்பது மாநிலம் இருக்க, ஏன் டெக்சாஸ்? ஜெயபிரகாஷ்தான் சொன்னார். இந்த வருஷம் கடைசி ஆட்டங்கள் டெக்சாஸில், சான் அன்டோனியோவில். அணி ஜெயித்துக்கொண்டே போனால் அங்கேதான் போக வேண்டும். பொய்க்குள்ளும் ஒரு வேண்டுதலைச் செருகி வைத்திருக்கிறார் என் அண்ணன்.

4

வியாழன் ஆட்டத்தில் ஜெயித்தாயிற்று. அடுத்தது சனிக்கிழமை. நடுவில் இந்த வெள்ளிக்கிழமை சும்மா கிடக்கிறது. அணிக்காரப் பையன்களுக்குப் பயிற்சி இருக்கும். அவர்கள் பின்னால் வந்த ரசிகருக்கு என்ன இருக்கும்? அந்நிய ஊர், ஒரு ஹோட்டல் அறை, ஒரு முழு நாள்.

ஆபீஸ் மீட்டிங்கை ம்யூட்டில் போட்டுவிட்டு, கண் செருகுகிற மதியத்தில் அவரை ரயிலில் ஏற்றினேன். ஜன்னல் சீட். ரயில் வளைகுடாத் தண்ணீருக்கடியில் போகும்போது காது அடைத்தது, அவர் எச்சில் விழுங்கிக்கொண்டார். எதிரே ஒரு சைனாக்காரப் பாட்டி பூண்டுப் பையை மடியில் வைத்திருந்தார். ஓக்லாந்தில் ஏறிய பெண் தூங்குகிற குழந்தையை மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மடியில் எதையாவது வைத்துக்கொண்டுதான் ஆட்கள் ஏறினார்கள். அண்ணன் மடியில் ஒன்றுமில்லை. ஃப்ரீமான்ட்டில் கதவு திறந்தது. அவர் எழுந்தார், பிளாட்பாரத்தில் இறங்கினார், மலைமேல் வெயில் மங்குவதைப் பார்த்தார், எதிர்ப்பக்கம் வந்த ரயிலில்

ஏற விடவில்லை. பேனாவை வைத்துவிட்டேன். (லேப்டாப்தான். சும்மா ஒரு பேச்சுக்கு.)

மறுபடி கண் செருகியது. இப்போது அரங்கம். பல்லாயிரம் பேர், ஒருவரும் மூச்சு விடவில்லை. மெழுகு போட்டுத் துடைத்த மரத்தளத்தின் நட்டநடுவில் ஒற்றை நாற்காலி. அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் மடியில் ஓவியா பட்டுப்பாவாடையோடு. உயரமான உயரமான பையன்கள் சுற்றிலும் நின்று குனிந்து பார்க்கிறார்கள். ஊசியைச் சாமந்திப் பூவில் குத்தி எடுத்து ஒருவர் வருகிறார். ஸ்கோர்போர்டில் எண் எதுவும் இல்லை. ஓவியா அழப்போகிறாள், அண்ணன் அவள் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடுகிறார், அரங்கமே

மேனேஜர் என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். "Sorry, mute-ல இருந்தேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

5

கதைக்கு ஒரு விவரம் தேவைப்பட்டது. அண்ணனின் அணி போன வருஷம் எங்கே ஆடியது? வாசகர்கள் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று தேடினேன். எழுத்தாளர் புத்தி, சும்மா இருக்காது.

புரூக்ளின். அவர் வீட்டுக்கு எட்டின தூரம். இந்தத் தொடரில் முதல் தடவையாக அவருடைய அணி அவருடைய வாசலுக்கே வந்திருக்கிறது. தேதியைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். ஓவியாவின் காதுகுத்துக்குக் குறித்த அதே ஞாயிற்றுக்கிழமை.

இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்திருந்தால், ரொம்பச் சௌகரியமாக இருக்கிறது என்று நானே அடித்திருப்பேன்.

எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. போன வருஷம் நாள் பார்த்து, ஆட்களைக் கூப்பிட்டு, பாவாடை தைத்து எல்லாம் ஆயிற்று. முந்தின நாள் அண்ணன் போனில் முனகினார். நகரவே முடியல அம்மிணி என்றார். நான் இங்கே அழுதேன், அவர் முதுகுக்காக. ஜெயபிரகாஷின் பெரியப்பா மகன் நான் உட்கார்றேனே என்று சொன்னதற்கு, என் அண்ணன் மடி வந்தால்தான் என் பிள்ளைக்குக் காது குத்துவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். இன்றுவரை குத்தவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் கம்மல் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று ஓவியா நட்சத்திர ஸ்டிக்கரைக் காது மடலில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

எனக்கு வந்த கோபத்தில் மூன்று முடிவு எழுதினேன். முதலாவதில் அணி ஒரே புள்ளியில் தோற்கிறது. இரண்டாவதில் அண்ணி விவாகரத்து கேட்கிறார். மூன்றாவதில், அரங்கத்தில் குதிக்கிறபோது அவருக்கு நிஜமாகவே டிஸ்க் விலகிவிடுகிறது.

மூன்றாவதை எழுதிய கையோடு பயந்துபோய் அழித்தேன். சாமி, அண்ணன் முதுகு நல்லா இருக்கட்டும்.

6

(இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.)

எங்கள் அப்பா இறந்தபோது அண்ணன் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தார். விசா விஷயம் ஏதோ சிக்கலில் கிடந்தது, நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பங்காளி வீட்டு அண்ணன் கொள்ளி வைத்தார். எல்லாம் முடிந்தபிறகு அண்ணன் போன் செய்தார். பின்னால் ஒரே கூச்சல், கைதட்டல். அப்பா போன அன்றைக்கு இவன் எங்கே கூத்தடிக்கிறான் என்று நான் போனை வைத்துவிட்டேன். வருஷங்கள் கழித்து, ஒரு தடவை கார் ஓட்டிக்கொண்டு வரும்போது அவராகவே சொன்னார்.

"ரூம்ல அழுதா room-mate பயந்துக்குவான் அம்மிணி. காலேஜ் மேட்ச்சுக்குப் போனா அத்தன பேரும் கத்தறாங்க. நானும் கத்துனேன். அப்பா, அப்பான்னுதான் கத்துனேன். யாரும் ஏன்னு கேக்கல."

அன்று அணி ஜெயித்ததாம். பக்கத்து சீட்டுக் கிழவர் ஒருவர், முன்பின் தெரியாதவர், அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். அமெரிக்காவில் அவரைக் கட்டிப்பிடித்த முதல் ஆள் அவர்தான்.

ஓவியா கேட்டதற்கு இதுதான் பதில். ஐந்து வயசுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? எனக்குப் புரிகிறது. புரிந்தும் கோபம் போகவில்லை. என்னிடம் நிஜத்தைச் சொல்லியிருந்தால் காதுகுத்துத் தேதியை மாற்றியிருப்பேனே, முண்டம்.

7

ஜெயபிரகாஷ் இதுவரை படித்துவிட்டு, ஒரு போன் போட்டால் தீர்ந்துபோகிற விஷயத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறாயே என்றார். அவருக்கு எல்லாமே ஒரு போன்தான்.

"டிவில பாத்தேன்னு சொன்னா வந்துருவாரு," என்றேன். "மாட்டிக்கிட்டதுக்காக வருவாரு. புடிச்சு இழுத்துட்டு வந்த மடில என் புள்ளைய உக்கார வெக்க மாட்டேன்."

"அப்ப என்னதான் பண்ணப்போற?"

எனக்கு அப்போது தெரியவில்லை. வெளியே பனி இறங்கி மலையை அழித்துவிட்டிருந்தது. ஓவியா கண்ணாடி முன்னால் நின்று ஒரு காதிலிருந்து ஸ்டிக்கரை உரித்து மறு காதில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்து, குடும்ப வாட்ஸாப் குரூப்பில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வரி போட்டேன். ஓவியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம்ம வீட்டில் காதுகுத்து, வர முடிந்தவர்கள் வாங்க. அவ்வளவுதான். மவுரி அவென்யூ நகைக்கடை மீனாக்ஷி ஆன்ட்டி வீட்டுக்கே வந்து குத்துவதாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் பார்த்துவிட்டார். படித்தவர்கள் பட்டியலில் பெயர் காட்டுகிறது. பதில் இல்லை.

8

இன்று சனிக்கிழமை. இன்னும் ஆட்டம் தொடங்கவில்லை. யார் ஜெயிப்பார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. இந்தக் கதைக்கு அது வேண்டாம். ஜெயித்தாலும் டெக்சாஸ் ஆட்டம் அடுத்த வாரம்தான், ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சும்மாதான் கிடக்கிறது. தோற்றால், கத்தி அழ இடம் தேடுவார். எங்கள் வீட்டில் காது குத்தும்போது ஓவியா போடுகிற கூச்சலில் அவர் எவ்வளவு வேண்டுமானாலும் அழுதுகொள்ளலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டோம்.

இனி உங்களிடம் ஒரு வேலை. நீங்கள் இன்று அந்த அரங்கத்தில் இருந்தால், சாயம்போன சிவப்பு ஜெர்சியில் குள்ளமாக ஒருவர் குதிப்பதைப் பார்த்தால், ஆட்டம் முடிந்ததும் ஃப்ரீமான்ட் ரயில் எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டிவிடுங்கள். நான் டிவியில் பார்த்ததையோ, புரூக்ளினையோ பேச்சில் எடுத்துவிடாதீர்கள். டாலஸிலிருந்து நேராக வந்ததாக அவர் சொல்லட்டும். முதுகு எப்படியண்ணா இருக்கு என்று கேட்பேன். இப்பப் பரவாயில்ல அம்மிணி என்பார். நம்பிக்கொள்வேன்.

ஹாலில் கைப்பிடி இல்லாத நாற்காலியாக ஒன்று போட்டாயிற்று. வேட்டியும் துவைத்து மடித்து அதன்மேல் வைத்திருக்கிறேன். நாளைக் காலை வாசல் மணி அடித்தால் நீங்களே போய்த் திறங்கள். நான் திறந்தால் அழுதுவிடுவேன், அவர் அவ்வளவு தூரம் சுமந்துவந்த டெக்சாஸ் வீணாகிவிடும்.