வடக்குப் பார்த்த டிஷ்

சித்திரை மூன்றாம் தேதி காலை பத்தேகால் மணிக்குப் பூவாத்தாள் வீட்டு ஓட்டுக் கூரையைப் பிரித்தபோது, முகட்டில் இருந்த டிவி டிஷ் மட்டும் கீழே வரவில்லை. ஓடு இறங்கியது, ரீப்பர் இறங்கியது, கறையான் அரித்த கைமரங்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. டிஷ்ஷைத் தாங்கியிருந்த விட்டத்தையும் நாலு பேர் கயிறு கட்டி இறக்கிவிட்டார்கள். டிஷ் தன் இரும்புக் காலோடு, இருந்த இடத்திலேயே, எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நின்றது. குருமூர்த்தி மேஸ்திரி முப்பது வருஷமாகக் கூரை வேலை பார்ப்பவர். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, முட்டுக் கொடுக்கக் கொண்டுவந்த சவுக்குக் கழிகள் வீணாய்ப் போயினவே என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில் இருக்கிற கரட்டுப்பாளையத்தில் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தவர்கள் ஐந்தாறு பேர்தான். அந்த டிஷ்ஷின் சங்கதி ஊருக்கு ஏற்கெனவே தெரியும்.

தெருவில் உள்ள டிஷ்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே பக்கமாகத் தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, பூவாத்தாள் வீட்டு டிஷ் மட்டும் வடக்கைப் பார்க்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அடித்த ஆடிக் காற்று அதைத் திருப்பிவிட்டது. அன்று சாயங்காலம் சீரியலும் செய்தியும் போய், டிவியில் ஒரே ஒரு சேனல் வந்தது. அதில் உழுது போட்ட ஒரு செம்மண் காடு, காட்டின் நடுவே போர்வெல் துளை போடுகிற ஒரு ரிக் வண்டி, பக்கத்தில் துளைக்குள் இறக்கும் இரும்பு ராடு ஏற்றிய லாரி. ராடு அடுக்கின் மேல் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். சத்தம் ஏதும் இல்லை. இடது தோள் சற்றே இறங்கிய அந்த முதுகை ஆயிரம் பேர் நடுவில் நிறுத்தினாலும் பூவாத்தாளுக்குத் தெரியும். அது அவள் புருஷன் செங்கோட்டையனின் முதுகு.

செங்கோட்டையன் ரிக் வண்டியில் டிரில்லர். அதற்கும் இரண்டு வருஷம் முன்னால் போர்வெல் போடச் சத்தீஸ்கருக்குப் போனவர் திரும்பவில்லை. போர்வெல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து தண்ணீருக்குப் பாயிண்ட் பார்ப்பவர் ஒருவர், அந்த இடத்தில் துளை போடுபவர் வேறொருவர். தண்ணீர் வராவிட்டால் பழி பாயிண்ட் பார்த்தவரோடு போகும். வண்டிக்காரர்கள் ராடைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். அந்தத் தடவை பாயிண்ட் பார்ப்பவருக்குக் காய்ச்சல். செங்கோட்டையன் தானே தேங்காயை வாங்கி உள்ளங்கையில் வைத்து நடந்தார். காட்டின் ஒரு மூலையில் தேங்காய் செங்குத்தாய் எழுந்து நின்றது. இங்கே தண்ணீர் இருக்கிறது என்று காட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தானே துளை போட ஆரம்பித்தார். ஐந்நூறு அடி, ஆயிரம் அடி என்று போய்க்கொண்டே இருந்தது; புழுதிதான் வந்தது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக ரயிலேறி ஊர் திரும்பினார்கள். அவர் மட்டும் தன் பாயிண்டை விட்டு வர மறுத்துவிட்டார். கடைசியாகப் போனில் பேசியபோது பூவாத்தாளிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"தண்ணி வந்ததும் வாரேன்."

அப்புறம் போன் கிடைக்கவே இல்லை. கொழுந்தனார் இரண்டு முறை போய்த் தேடிவிட்டு வந்தார். அண்ணன் போனில் சொல்லியிருந்த ஊர்ப் பெயரில் அங்கே நாலு ஊர்கள் இருந்தன. நாலிலும் ரிக் வண்டி இல்லை.

அதனால் அந்தச் சேனல் வந்த நாளிலிருந்து பூவாத்தாள் டிஷ் பக்கம் யாரையும் அண்டவிட்டதில்லை. ரீசார்ஜ் செய்யாமலே படம் வந்தது. செங்கோட்டையன் வெட்டவெளியில் இருந்தால் தெரிவார், தார்ப்பாய்க்கு அடியில் போனால் திரை கறுத்துவிடும். அங்கே மழை பெய்கிற நாட்களில் இவளுக்கு இங்கே சோறு இறங்காது. அவர் தட்டைக் கையில் எடுக்கும்போது இவளும் எடுப்பாள். ஒவ்வொரு ராடாக இறங்குவதை எண்ணிக்கொண்டு வந்தாள். ராடு ஒன்று இருபது அடி. இந்தத் தைப்பொங்கலன்று பத்தொன்பதாயிரம் அடியைத் தாண்டியிருந்தது. அத்தனை ராடு எங்கிருந்து வருகிறது, டீசல் யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டதற்கு ரிக் முதலாளிக்கே பதில் தெரியவில்லை. புருஷனின் தலைமுடி பின்பக்கத்திலிருந்து நரைத்துக்கொண்டு வந்ததைப் பூவாத்தாள் பார்த்தாள். முகத்தை மட்டும் ஒரு நாளும் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிவிட மாட்டாரா என்று அவள் ஒன்பது வருஷம் ஏங்கினாள். ஏக்கம் பழகிவிடும் என்று சொன்னவர்கள் மேல் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

மகள் யுவஸ்ரீக்குச் சங்ககிரியில் மாப்பிள்ளை அமைந்தது. உறுதி பண்ண வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் மாரியப்பன் நல்ல மனுஷன். இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் திரு போடுவதா, தெய்வத்திரு போடுவதா என்று மெதுவாக ஆரம்பித்தார். தெய்வத்திரு என்று அச்சாகிவிட்டால் பூவாத்தாள் பூவும் பொட்டுமாக மணவறைப் பக்கம் நிற்க முடியாது, ஓரமாக ஒதுங்கிவிட வேண்டியதுதான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. பூவாத்தாள் எழுந்து டிவியைப் போட்டாள். மாரியப்பன் காபி ஆறும்வரை அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருவே போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆனால் போகிற போக்கில் அவர் தலைமேல் கறையான் மண் உதிர்ந்தது. வைகாசியில் முகூர்த்தம், அதற்குள் கூரையை மாற்றியாக வேண்டும் என்று முடிவானது அதனால்தான்.

டிஷ் ரிப்பேர் பார்க்கும் ஜெயபிரகாஷ், டிஷ் ஒரு நூல் நகர்ந்தாலும் படம் போய்விடும் என்று எச்சரித்திருந்தான். பூவாத்தாள் மூன்று பக்கத்திலிருந்தும் மஞ்சள் கயிறு கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, டிஷ்ஷின் திசையைக் குறித்து வைத்திருந்தாள். அந்தப் பாடெல்லாம் தேவைப்படாமல் அது தானாகவே அந்தரத்தில் நின்றுகொண்டதில் எல்லோருக்கும் நிம்மதி. கூரையில்லாத கூடத்தில் டிவியை வைத்துத் தினமும் சாயங்காலம் பார்த்தாள். அந்தப் பதினோரு நாளும் படம் அதற்கு முன்னால் இல்லாத தெளிவோடு தெரிந்தது. அவர் சட்டையில் இருந்த தையல் பிரிந்த இடம்கூடத் தெரிந்தது.

தப்பு வேறு பக்கத்தில் நடந்தது. புதுக் கூரைக்குப் போடுகிற தகர ஷீட்டு வெயிலுக்குக் கொதிக்கும், சுவரை மூணடி உயர்த்திப் போட்டால் வீடு குளுகுளுவென்று இருக்கும் என்று மேஸ்திரி சொன்னார். பூவாத்தாளும் சரியென்று தலையாட்டினாள். எல்லோரும் டிஷ் எந்தப் பக்கம் திரும்பும் என்பதிலேயே கண்ணாக இருந்தார்கள். உயரத்தை ஒருத்தரும் நினைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கடைசி ஷீட்டை மாட்டியபோது, டிஷ் பழைய முகட்டு உயரத்தில், அதாவது புதுக் கூரைக்கு மூணடி கீழே, கூடத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. டிவி கறுத்துவிட்டது. பூவாத்தாள் போட்ட கூச்சலில் மேஸ்திரி அந்த ஒரு ஷீட்டை மட்டும் திரும்பக் கழற்றினார். படம் வந்தது. அந்த இடத்தில் வெளிச்சத்துக்குப் போடுகிற கண்ணாடி மாதிரியான ஷீட்டைப் போட்டுப் பார்த்தார்கள். வெளிச்சம் வந்தது, அவர் வரவில்லை. சரி, கூரைக்கு மேல் இருந்தாலாவது படம் வருமென்று டிஷ்ஷை உயர்த்தப் பார்த்தார்கள். ஆறு பேர் முட்டுக் கொடுத்துத் தள்ளியும் அது அசையவில்லை.

ஓட்டை போட்ட கூரைக்குத் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைகாசி மழை ஒன்று பெய்தாலும் கல்யாண வீடு குளமாகிவிடும். யுவஸ்ரீ இரண்டு நாள் கூடத்துப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"டிவியில தெரிஞ்சா மட்டும் அப்பா கண்ணாலத்துக்கு வந்துருவாங்களாம்மா?"

"வர்ற வரைக்கும் பாத்துட்டாச்சும் இருக்கறேன் சாமி."

"எனக்கு இப்ப அந்த முதுவு மட்டுந்தான் நெனப்புல இருக்குதுங்கம்மா. உங்களையாச்சும் முகத்தோட பாக்கோணும். ஒம்போது வருசமா நீங்க அந்தப் பக்கமே திரும்பி உக்காந்துட்டீங்க."

பூவாத்தாளுக்கு அது சுருக்கென்று தைத்தது. தானும் ஒருத்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்கு அதுவரை உறைக்கவில்லை. அன்று சாயங்காலம் செங்கோட்டையன் சோற்றுத் தட்டோடு உட்காரும் நேரம் பார்த்து அவளும் உட்கார்ந்தாள். யுவாவுக்குக் கல்யாணம், வீட்டை மூட வேண்டியிருக்கிறது, நாளையிலிருந்து பார்க்க முடியாது என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். திரும்பவில்லை. மறுநாள் காலை அவளே மேஸ்திரியைக் கூப்பிட்டு ஷீட்டைப் போட்டு மூடச் சொல்லிவிட்டாள்.

டிஷ் கூடத்தின் அந்தரத்திலேயே இருந்தது. அதற்கடியில் குனியாமல் நடக்க எல்லோரும் பழகிவிட்டார்கள். ஆனால் டிவி கறுத்த செய்தி சங்ககிரிக்குப் போய்ச் சேர நேரமாகவில்லை. மாரியப்பன் பத்திரிகை புரூப்போடு வந்தார். அவர் வீட்டுப் பெரியவர்கள் மறுபடியும் பேச்சை எடுக்கிறார்களாம். தங்கள் பக்கத்தில் கண்ணால் பார்த்தது தான் ஒருவர் மட்டுமே, இப்போது காட்டவும் வழியில்லை என்று சங்கடப்பட்டார். செங்கோட்டையன் என்ற பெயருக்கு முன்னால் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். அதற்குள் சொல்வதாகப் பூவாத்தாள் சொன்னாள். அவர் போன பிறகு, பெட்டியில் இருந்த அரக்குக் கலர் பட்டுப்புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில், டிஷ்ஷிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஷீட்டு ஒழுகுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குருமூர்த்தி மேஸ்திரி பாதிச் சோற்றில் எழுந்து வந்தார். தன் கூரை ஒழுகாது என்று காட்ட மேலே ஏறி ஹோஸ் பைப்பால் கால்மணி நேரம் தண்ணீர் அடித்தார். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. டிஷ்ஷில் மட்டும் சொட்டு நூலாகி, நூல் கம்பியாகி, குழாய்த் தண்ணீர் போல ஊற்றத் தொடங்கியது. யுவஸ்ரீ ஒரு அண்டாவைக் கொண்டுவந்து அடியில் வைத்தாள். முதலில் செம்மண்ணாக வந்தது, பிறகு கல்மாவு கலந்து சாம்பல் நிறமாக வந்தது. கம்ப்ரசர் ஆயில் வாசம் கூடம் முழுவதும் அடித்தது. ரிக் தொழில் செய்கிற ஊரில், புதுசாகத் தண்ணீர் கண்ட போர்வெல்லின் அந்த வாசத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. பூவாத்தாள் கையை நீட்டி ஏந்திக் குடித்தாள்.

போர் போட்ட இடத்தில் எல்லோரும் முதலில் கேட்பதைத்தான் மேஸ்திரியும் கேட்டார்.

"உப்புங்களா, நல்லதுங்களா?"

"நல்ல தண்ணிங்க" என்றாள் பூவாத்தாள்.

யுவஸ்ரீ அண்ணாந்து பார்த்தாள். ஷீட்டை ஒரே ஒருமுறை எடுத்துவிட்டு டிவியைப் போட்டுப் பார்க்கலாமா, தண்ணீர் வரும்போதாவது அப்பா இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருப்பார் என்று கேட்டாள். பூவாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு நேராகத் திரும்பினாள்.

"வேண்டாஞ் சாமி. அங்க இனி யாரும் இருக்க மாட்டாங்க. கெளம்பியிருப்பாங்க."

வெள்ளிக்கிழமை மாரியப்பன் வந்து ஒரு சொம்பு குடித்துப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த இடத்தில் பேனாவால் திரு என்று எழுதினார். தண்ணீர் நிற்கவில்லை. தெருப்பெண்கள் முறை வைத்துக் குடம் பிடித்தார்கள். டிஷ்ஷுக்கு அடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டித் தந்த மேஸ்திரி, கூரை வேலைக்கு வந்தவனைத் தொட்டி கட்ட வைத்துவிட்டார்களே என்று சலித்துக்கொண்டார். ரிக் வண்டி ஓட்டம் மெதுவானது, சத்தீஸ்கரிலிருந்து வருகிற தூரத்துக்கு ஐந்து நாளாவது பிடிக்கும். தண்ணீர் வந்த நாலாம் நாள் காலையில் பூவாத்தாள் மேஸ்திரியை மறுபடி கூப்பிட்டாள். வாசல் கேட்டையும் இரண்டு பக்கத் தூணையும் எடுத்துவிடச் சொன்னாள். ரிக் வண்டி உள்ளே வர அந்த அகலம் பத்தாது.